பட்டியலில் கெச்சுவா என்று ஒரே வரி

ஹனோவரில் நான் வேலை செய்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் கணினியில் ஒரு பட்டியல் இருந்தது. நீதிமன்றமோ மருத்துவமனையோ வெளிநாட்டவர் அலுவலகமோ அழைத்தால் அந்தப் பட்டியலைத் திறப்போம். மொழியைச் சொடுக்கினால் ஆட்களின் பெயர்கள் வரும். யார் முதலில் தொலைபேசியை எடுக்கிறாரோ அவருக்கு டெர்மின், அதாவது அந்தச் சந்திப்பில் மொழிபெயர்க்கும் வேலை. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை அதுதான் என் வேலை. பிற்பகலில் நானே தமிழ் மொழிபெயர்ப்பாளராகக் கிளம்பிவிடுவேன். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து வட்ட முத்திரை வாங்கியவள் நான். அந்த முத்திரையைக் கைப்பையில் தனி உறை போட்டு வைத்திருந்தேன். சிலர் தாலிக்கொடியைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரித்த புண்ணியவான் உலகத்தைப் பலசரக்குக் கடை என்று நினைத்திருக்க வேண்டும். அரபு என்று ஒரு வரி. மொரோக்கோக்காரனும் ஈராக்காரனும் அதற்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியதுதான். குர்தி என்று ஒரு வரி. தமிழ் என்று ஒரு வரி. ஆனால் தங்கள் மொழி என்று வந்தால் ஜெர்மன்காரருக்கு ஞானம் பிறந்துவிடும். பவேரிய மலைக் கிராமத்து விவசாயி ஒருவர் தொலைக்காட்சியில் வாயைத் திறந்தால் கீழே எழுத்து ஓட விடுவார்கள். அவர்களுடைய மலைக்காரன் பேசினால் அது வட்டார வழக்கு. மற்றவர்களுடைய மலைக்காரர் எல்லாரும் ஒரே வரி.

ஒருநாள் காலையில் உளவியல் நிபுணர் ஒருவரின் அலுவலகம் அழைத்தது. குடும்ப நீதிமன்ற வழக்கு. பெரு நாட்டுத் தாய் ஒருத்தி, மூன்று வயது மகள், பிரிந்துபோன ஜெர்மன் கணவன். பிள்ளை யாரிடம் வளர்வது நல்லது என்று நிபுணர் தாயுடன் பேசிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். தாய்க்கு ஸ்பானிஷ் அரைகுறையாம், ஜெர்மன் அதைவிட மோசமாம், தாய்மொழி கெச்சுவாவாம். ஆள் கிடைக்குமா என்று கேட்டார்கள். நான் பட்டியலைத் திறந்தேன். கெச்சுவா என்று ஒரு வரி. சொடுக்கினேன். ஒரே ஒரு பெயர். பத்து நிமிடத்தில் டெர்மின் உறுதியானது.

எங்கள் நிறுவனத் தலைவி அன்று காப்பி நேரத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். "கெச்சுவாவே எங்களிடம் இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் கூச்சமில்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டேன். கெச்சுவா என்பது ஒரு மொழியல்ல, ஒரு குடும்பம் என்றோ, அதன் ஒரு கிளைக்காரர் பேசுவது இன்னொரு கிளைக்காரருக்குப் பெரும்பாலும் விளங்காது என்றோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. பெட்டியில் குறி போட்டாயிற்று, அடுத்த அழைப்பு.

அந்த ஒரே பெயருக்குரிய மனிதரை எனக்கு முன்பே தெரியும். பெருவின் தெற்கே குஸ்கோ நகரத்தவர். அறுபதைத் தாண்டியவர். தோளில் எப்போதும் நெய்த சால்வை ஒன்று கிடக்கும். மாலை வகுப்புகளில் இன்கா அரசர்களைப் பற்றிப் படம் காட்டிப் பேசுவார். தொடக்கத்தில் கெச்சுவாவில் நீளமாக வணக்கம் சொல்வார். அவருடைய பேச்சுவழக்கில் சில எழுத்துகள் தொண்டைக்குள் பட்டாணி வெடிப்பதுபோல வெடிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள், பிறகு கைதட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நானும் போய்க் கைதட்டியிருக்கிறேன்.

அந்தப் பெருவியத் தாயை நான் சந்தித்தது எங்கள் தேவாலய மண்டபத்தின் குசினியில். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலில் ஸ்பானிஷ்காரருக்குப் பூசை, அது முடிய எங்களுக்குத் தமிழ்ப் பூசை. இடையில் குசினி இரண்டு தரப்பிடமும் மாட்டிக்கொள்ளும். அவர்கள் அடுப்பைத் துடைப்பதில்லை என்று நாங்கள் முறையிடுவோம். எங்கள் கறி மணம் திரைச்சீலையை விட்டுப் போவதில்லை என்று அவர்கள் முறையிடுவார்கள். இரண்டும் உண்மை. குள்ளமான, கன்னம் சிவந்த ஒரு பெண் மட்டும் தன் ஆட்கள் போன பிறகும் நின்று எங்கள் பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருப்பாள். முப்பது வயது இருக்கும். பேசமாட்டாள்.

எங்கள் குசினியை ஆளுகிற அக்கா ஒருவர் இருந்தார். மன்னாரில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்.

"உந்தப் பிள்ளையைப் பாருங்கோ, பாவம். என்ன கேட்டாலும் தலையைத் தலையை ஆட்டுது. கொஞ்சம் மூளை மட்டாக்கும்" என்றார்.

"ஓம் அக்கா, எனக்கும் அப்பிடித்தான் தெரியுது" என்றேன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பை போடப் பின்கதவைத் திறந்தேன். சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் அவள் நின்று கைத்தொலைபேசியில் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் அசையாமல் நின்றுவிட்டேன். அந்தப் பெண் பேசிய பேச்சை என்னவென்று சொல்ல! யாரோ ஒருவரைப்போல மூக்கால் பேசிக் காட்டினாள், சிரித்தாள், அதட்டினாள், குரலைத் தாழ்த்தி ஏதோ இரகசியம் சொன்னாள், மறுபடி சிரித்தாள். ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். மூளை மட்டானவர்கள் அப்படிக் கதை சொல்வதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். அவள் பேச்சில் அந்தப் பட்டாணி வெடிக்கவேயில்லை.

என்னைக் கண்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஜெர்மனில், மெதுவாக, எந்த மொழி என்று கேட்டேன். கெச்சுவா என்றாள். எந்த ஊர் என்றேன். அங்காஷ் என்றாள், பெருவின் நடுப்பகுதி மலை. தண்ணீர்த் திட்டம் ஒன்றுக்கு அங்கே வந்த ஜெர்மன்காரர் கட்டிக்கொண்டு வந்தாராம். இப்போது பிரிந்துவிட்டார்களாம். ஒரு மகளாம். பட்டியலில் நான் சொடுக்கிய அந்த ஒரே வரி நினைவுக்கு வந்தது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "தயவு. வாசி" என்றாள்.

நிபுணரின் அறிக்கை. குசினி மேசையில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்று சந்திப்புகள் நடந்திருந்தன. தாய் தன் தாய்மொழியிலேயே எளிய கேள்விகளை விளங்கிக்கொள்ளச் சிரமப்படுகிறார். பெரும்பாலும் ‘ஆம்’ என்றே பதில் சொல்கிறார். தானாக ஒரு முழு வாக்கியம் பேசுவதில்லை. பிள்ளையின் தேவைகளை அறியும் அறிவாற்றல் இவருக்கு இருக்கிறதா என்பது கடும் சந்தேகத்துக்குரியது. ஆகவே பிள்ளை தந்தையிடம் வளர்வதே பொருத்தம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, "மொழிபெயர்ப்பில் எந்தத் தடங்கலும் இருக்கவில்லை." அதன் கீழே குஸ்கோப் பெரியவரின் கையெழுத்து. அதன் கீழே எங்கள் நிறுவனத்தின் பெயர். டெர்மின் போட்டுக்கொடுத்தவள் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கேட்டேன். அவளுடைய ஜெர்மனைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"அந்த ஐயா பெரிய மொழி. என் மொழி சின்ன மொழி. அவர் கேட்கிறது பாதி வராது. நான் சொன்னால் அவர் சிரிப்பார். ‘ஆம்’ சொன்னால் சிரிக்கமாட்டார்."

"விளங்கவில்லை என்று நிபுணரிடம் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்ல? அந்த ஐயாவிடம்தானே சொல்ல வேண்டும்."

இந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. சந்திப்பு முடிந்ததும் அதிகாரி கேட்பார், "மொழிபெயர்ப்பாளரை உங்களுக்கு நன்றாக விளங்கியதா?" அந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பது யார்? அதே மொழிபெயர்ப்பாளர். பதிலை மொழிபெயர்ப்பது யார்? அவரேதான். திருடனிடமே சாவியைக் கொடுத்து, பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற இந்த ஏற்பாட்டை நானும் நூற்றுக்கணக்கான தடவை முகத்தில் சிரிப்பு வராமல் நடத்தியிருக்கிறேன். ஜெர்மன் அலுவலகங்கள் இதை ஒழுங்கு என்று நம்புகின்றன. படிவத்தில் அதற்கென்று ஒரு பெட்டியும் இருக்கிறது.

அவளுக்கு மிஞ்சியிருந்தது எட்டு வாரம். எட்டாவது வாரத்தில் நீதிபதி இந்த அறிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வார். அதுவரை பிள்ளை தகப்பனின் தாய் வீட்டில். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஓர் அலுவலக அறையில், ஒரு மேற்பார்வையாளருக்கு முன்னால் அவள் மகளைப் பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரமும் ஜெர்மனில்தான் பேச வேண்டும். மேற்பார்வையாளருக்கு விளங்க வேண்டுமாம். தாய்க்குத் தாய்மொழியில் மொழிபெயர்ப்பாளர் பிடித்துக் கொடுத்த அதே நீதி, பிள்ளையோடு தாய்மொழியில் பேசக்கூடாது என்றது. இரண்டையும் ஒரே அலுமாரியில் கோப்பாக வைத்திருந்தது.

திங்கட்கிழமை குஸ்கோப் பெரியவருக்கு அழைத்தேன். மிக மரியாதையாகப் பேசினார்.

"அம்மணி, அங்காஷ்காரர்கள் பேசுவது கெச்சுவாவின் சிதைந்த வடிவம். எங்களுடையது அரசர்களின் மொழி, சுத்தமானது. அவர்கள் மலைக்குள் இருந்து கெடுத்துவிட்டார்கள்."

"அவர் பேசியது உங்களுக்கு விளங்கியதா?"

"விளங்க வேண்டியது விளங்கியது" என்றார்.

டிராமில் போக வர இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். மொழி அறிஞர்கள் பலர் சொல்வது பெரியவரின் சால்வையைக் கழற்றி வைக்கிற மாதிரி இருந்தது. அந்த மொழிக் குடும்பம் கிளைவிட்டது பெருவின் நடுப்பகுதியிலாம். அங்காஷும் அதைச் சுற்றிய மலைகளும் ஒரு கிளை. குஸ்கோவும் பொலிவியாவும் எக்குவடோரும் இன்னொரு கிளை. ஸ்பானிஷும் இத்தாலியனும் போல இரண்டும் விலகிப் போனவை. குஸ்கோவுக்கு அந்த மொழி பின்னால் வந்து சேர்ந்ததுதானாம். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்து, பின்னால் வந்தவர் நீங்கள் மொழியைக் கெடுத்துவிட்டீர்கள் என்கிறார். அவர் கையில் இருந்ததெல்லாம் ஓர் அரண்மனையின் பெருமை மட்டும்தான்.

அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. திட்டவும் செய்தேன், மனசுக்குள். ஆனால் அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. "நாங்கள் கதைக்கிறதுதான் சுத்தத் தமிழ், மற்றவையெல்லாம் கொச்சை" என்று என் வீட்டில், என் ஊரில், இங்கே ஹனோவரில் பிறந்தநாள் விருந்துகளில் கேட்ட குரல். நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன். மட்டக்களப்பாரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், மலையகத்தாரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், இந்தியாவிலிருந்து கணினி வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஆங்கிலம் கலந்து பேசுவதைக் கேட்டு முகத்தைச் சுளித்திருக்கிறேன். சுளித்த கையோடு "Ausbildung-க்கு Antrag போட்டாச்சா, Termin எப்ப?" என்று தொழிற்பயிற்சி, விண்ணப்பம் எல்லாவற்றையும் ஜெர்மனிலேயே வைத்து நானே கேட்பேன். அது சுத்தத் தமிழாக்கும்.

தலைவியிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, தவறான ஆளை அனுப்பிவிட்டோம் என்று நீதிமன்றத்துக்கு நாமே ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படி எழுதினால் நாம் அனுப்பிய ஒவ்வொருவரையும் சந்தேகிப்பார்களே. கெச்சுவா கெச்சுவாதானே? நீங்களும் எல்லாத் தமிழருக்கும்தான் மொழிபெயர்க்கிறீர்கள். எப்போதாவது தடங்கல் வந்ததா?"

"இல்லை" என்றேன்.

அது பொய். சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கப்பலில் கயிறு இழுக்கும் இயந்திரத்தில் கை சிக்கி இரண்டு விரலை இழந்த ஒரு மாலுமியின் வாக்குமூலம். தமிழ்நாட்டின் தென்கோடியில், குமரிக் கடற்கரையில் பிறந்தவர். அவர் வலியோடும் வேகத்தோடும் பேசினார். கடல் சொல்லும் கப்பல் சொல்லும் அந்தக் கரைக்கே உரிய இழுப்புமாக எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நடுவில் ஒரு தடவை அவரே நிறுத்தி, "நான் சொல்லியது வெளங்குதாம்மா?" என்று கேட்டார். எழுதுகிற அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ஓம், விளங்குது" என்றேன். அவர் தானாகவே இயந்திரத்துக்குள் கையை விட்டார் என்று வாக்குமூலம் அமைந்தது. யாரோ இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னாரோ, யாரோ கையை விடச் சொன்னார்கள் என்று சொன்னாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. தடங்கல் இல்லை என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் கவனக்குறைவு என்ற பெயரோடு ஊர் போனார்.

திரும்ப ஒருதடவை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேட்காததற்குக் காரணம் வெறும் அவசரமல்ல. ஒரு கடற்கரைக்காரரின் தமிழ் எனக்கு விளங்கவில்லை என்றால் அது அவருடைய குறை என்று நினைத்தேன். ஒழுங்காகப் பேசப் பழகட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்து ரயிலில் ஏறும்போது பசித்தது. மீன் வைத்த பணிஸ் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

தாய்க்கு அரசு கொடுத்த வழக்கறிஞர் ஓர் இளம் பெண், எப்போதும் தூக்கக் கலக்கத்தோடு இருப்பவர். அவரிடம் அவளைக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு எழுதினார். பேராசிரியர் இரண்டு வரி பதில் போட்டார். இரண்டு பேச்சுவழக்குகளுக்கும் இடையில் வேறுபாடு பெரிது, ஆனால் அந்த அறையில் என்ன நடந்தது என்று தன்னால் சொல்ல இயலாது. கையைக் கழுவிவிட்டார்.

"நீதிபதி இதை மட்டும் வைத்து அறிக்கையைத் தள்ளமாட்டார்" என்றார் வழக்கறிஞர். "மொழிபெயர்ப்பாளரே ‘தடங்கல் இல்லை’ என்று எழுதியிருக்கிறாரே என்பார். சத்தியப்பிரமாணம் செய்த ஒருவர், தனக்கு விளங்காமலே அப்படி எழுதிய சம்பவம் ஒன்றைத் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிக் கொடுத்தால், புதிய நிபுணரைக் கேட்கலாம். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரியுமா?"

"விசாரித்துப் பார்க்கிறேன்" என்றேன். என்ன வெட்கம் கெட்ட பதில்!

ஐந்து வாரம் விசாரித்தேன். யாரை? கண்ணாடியில் தெரிகிறவளைத்தான். எழுதினால் முத்திரை போகும். முத்திரை போனால் பிற்பகல் வேலை போகும். தலைவி காலை வேலையையும் பிடுங்குவார். தமிழ் ஆட்கள் என்ன கதைப்பார்கள்? மாலுமி எங்கேயோ இருக்கிறார், இனி எழுதி அவருக்கு என்ன பயன்? இப்படி ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. நியாயம் தேடுவதில் எனக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

அந்த ஐந்து வாரத்தில் மூன்று சந்திப்புச் சனிக்கிழமைகள் வந்து போயின. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் அவள் குசினியில் எனக்குச் சொல்வாள். முதல் தடவை, மேற்பார்வையாளர் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் மகளோடு தன் மொழியில் பேசினாளாம், பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறிப் பதில் சொன்னதாம். இரண்டாவது தடவை, பிள்ளை கேட்டுவிட்டு ஜெர்மனில் பதில் சொன்னதாம். மூன்றாவது தடவை அவள் காதுக்குள் மெதுவாகத்தான் சொன்னாளாம். பிள்ளை தன் சின்னக் கையால் அவள் வாயைப் பொத்தி, "ஜெர்மன், அம்மா" என்றதாம். எப்படிப் பொத்தியது என்று என் வாயில் கைவைத்துக் காட்டினாள். கை சவர்க்காரத் தண்ணீரில் நனைந்திருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பாத்திரம் கழுவினாள்.

பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, அழுறீரோ?" என்றார்.

"இல்லை அக்கா, சும்மா."

"உமக்கு ஏதும் செய்ய ஏலாதோ? நீர்தானே கோட்டு, கச்சேரி எண்டு திரியிறனீர்."

"ஏலும்" என்றேன். அன்று பூசைக்கு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். துறைமுகத்தின் பெயர், நாள், கோப்பு எண், நான் விளங்காமல் விட்ட இடங்கள், "ஓம், விளங்குது" என்று சொன்னது எல்லாம் எழுதினேன். கடைசியாக ஒரு தடவை முத்திரை குத்தினேன். பிரேமர்ஹாஃபனுக்கும் ஒரு பிரதி போட்டேன். அங்கிருந்து வந்த பதில், கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான்.

நான் எதிர்பார்த்தது எல்லாம் நடந்தது. முத்திரையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், பதிவுத் தபாலில் அனுப்பினேன். நிறுவனத்தில் என் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. குஸ்கோப் பெரியவரின் பெயர் எடுக்கப்படவில்லை. கெச்சுவா என்ற வரியில் அவர் இன்றும் தனியாக வீற்றிருக்கிறார். பிறந்தநாள் விருந்துகளில் இப்போது என்னைக் கண்டால் பேச்சு சற்று நின்று பிறகு தொடரும். நான் ஒருகாலத்தில் மற்றவர்களுக்குச் செய்ததுதான்.

நீதிபதி புதிய நிபுணரை நியமித்தார். வழக்கறிஞர் எப்படியோ இத்தாலியில், மிலானில், வயோதிபரைப் பராமரிக்கிற அங்காஷ் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்து, காணொளியில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார். அந்தப் பெண்ணிடம் முத்திரையும் இல்லை, சால்வையும் இல்லை. நான் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கென்று போட்ட சந்திப்பு மூன்று மணி நேரம் ஓடியது. மூடிய கதவுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நான் கேட்ட அதே பேச்சு ஓயாமல் கேட்டது. ஓரிடத்தில் நிபுணர்கூடச் சிரித்தார்.

புதிய அறிக்கை வந்து, மறுப்பு வந்து, அதற்கு மறுப்பு வந்து, தீர்ப்பு வரும்போது மரங்கள் இலையைக் கொட்டி முடித்திருந்தன. பிள்ளை தாயிடம். எனக்குச் செய்தி சொல்ல அவள் குசினியில் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிள்ளை வருகிற முதல்நாள் நானும் வர வேண்டும் என்றாள். போனேன்.

நாலாவது மாடியில் ஓர் அறை, ஒரு குசினி. மேசையில் உருளைக்கிழங்கும் கோழியும் மூடி வைத்திருந்தாள். தகப்பன் பிள்ளையையும் ஒரு சின்னப் பெட்டியையும் கதவடியில் விட்டுவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் நல்லபடியாகவே விடைபெற்றார். பிள்ளை மேலங்கியைக் கழற்றாமல் நின்றது. தாய் அதற்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. நீளமாகப் பேசினாள், கெஞ்சினாள், நடுவில் ஏதோ பகிடியும் விட்டிருக்க வேண்டும், சிரித்தாள். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, ஜெர்மனில், "அம்மா என்ன சொல்கிறா?" என்று கேட்டது.

தாயும் என்னைத்தான் பார்த்தாள்.

"எனக்கு விளங்கவில்லை" என்றேன். முப்பது வருடத் தொழிலில் அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் தொழில் போன பிறகு. ஐந்து வாரம் முந்தி எழுதியிருந்தால் வழக்கும் ஐந்து வாரம் முந்தியிருக்கும். மடியில் ஏறிப் பதில் சொன்ன பிள்ளைக்கு இன்னும் நாலு சொல்லாவது மிஞ்சியிருக்கும். அதை நினைக்க என்மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அந்தப் பெண் மகளின் கையை விடவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கொஞ்ச நேரம் மனசுக்குள் புரட்டினாள். கிடைத்த ஜெர்மனை வைத்துச் சொன்னாள்.

"வா. சாப்பாடு."

பிள்ளைக்கு அது விளங்கியது. மேலங்கியோடு போய்க் கதிரையில் ஏறி உட்கார்ந்தது.